ஒரு வார வீடும் உற்றார் பேச்சும்



மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத் தேர்த்திருவிழா நிறைவெய்திய மறுநாள், அவ்வூரிலுள்ள என் நண்பர் ஒருவர் என்னைப் பகலுணவுக்கு அழைத்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். ஐந்து தேர்களும் வீதிவலம் வந்து இருப்பிடம் சேரும் வரை கால்கடுக்க நின்ற களைப்பு எல்லோர் முகத்திலும் இருந்தது. ஆயினும் வீட்டில் கலகலப்புக்குக் குறைவில்லை. காரணம், ஆசிரியரின் மனைவியுடைய தம்பி பல ஆண்டுகளுக்குப் பின் கனடாவின் டொரோன்டோ நகரத்திலிருந்து திருவிழாவுக்கென்றே வந்திருந்தார்.

இலையில் பாயசம் விழும் வேளையில் அவர் ஒரு செய்தியைச் சொன்னார். ஒன்ராறியோ மாகாணத்தில் ஏரிக்கரையொன்றில் தாம் ஒரு விடுமுறை இல்லம் வாங்கியிருப்பதாகவும், கோடைகாலத்தில் ஆண்டுதோறும் ஒரு வாரம் மனைவி மக்களுடன் அங்கே சென்று தங்குவதாகவும் கூறினார். "ஒரு வாரம் போக மீதி நாளெல்லாம் வீட்டை யார் பார்ப்பது?" என்று அவருடைய தாயார் கேட்டார். "மீதி நாளில் அது வேறு ஆட்களுக்கு உரியது, அம்மா" என்றார் மகன். அவ்வளவுதான், பாயசத்தை எல்லோரும் மறந்தனர்.

"சாவி கையில் இல்லாத வீட்டுக்கு நீ உரிமையாளனா, தம்பி?" என்று அத்தானாகிய ஆசிரியர் நகைத்தார். "உறுதி யார் பெயரில் எழுதியிருக்கிறது, மகன்?" என்று தாயார் கவலையோடு வினவினார். பெரியப்பா மகனோ, "என் பிள்ளை வருகிற ஆண்டு அங்கே படிக்க வருகிறான். நீங்கள் போகாத வருஷம் அவன் கூட்டாளிகளோடு போய்த் தங்கட்டுமே, அண்ணே" என்றார். அக்காள் மட்டும் ஒன்றும் பேசவில்லை. இலைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை.

ஏளனம், ஐயம், உரிமை கோரல், மௌனம் ஆகிய நால்வகை எதிரொலியையும் ஒரே பந்தியில் அன்று கண்டேன். வெளிநாடுகளில் வாழும் நம்மவர் பலர் இத்தகைய இல்லங்களில் பங்கு வாங்குவதாலும், ஊரிலுள்ள உற்றார்க்கு அது விளங்காமல் மனத்தாங்கல் உண்டாவதாலும், அதைப் பற்றி இன்று பேசலாமென எண்ணுகிறேன்.

முதலில் பொருள் இன்னதென்று பார்ப்போம். ஆங்கிலத்தில் இதனை டைம்ஷேர் என்பர்; நாம் காலப்பங்கு என்று சொல்லிக்கொள்ளலாம். உல்லாச விடுதி ஒன்றிலுள்ள ஓர் இல்லத்தை ஆண்டின் 52 வாரங்களாகக் கூறுபோட்டு, பழுதுபார்ப்பதற்கென ஓரிரு வாரங்களை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய வாரங்களைத் தனித்தனியே விற்கிறார்கள். வாங்கியவருக்குத் தம் வாரத்தில் அவ்வில்லம் முழுவதும் உரியது. வாரம் முடிந்ததும் அடுத்தவர் வந்துவிடுவார். சில இடங்களில் வாரம் இன்னதென்று நிலையாகக் குறிக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் பருவம் மாத்திரம் குறிக்கப்பட்டு, வாரத்தை முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ள வேண்டும். இப்பொழுது வாரத்துக்குப் பதிலாகப் புள்ளிகளை விற்கும் முறையும் பெருகியுள்ளது. எந்த வகையானாலும் வாங்கும் விலை ஒன்று, ஆண்டுதோறும் செலுத்தும் பராமரிப்புக் கட்டணம் ஒன்று என இரண்டு செலவு உண்டு. இரண்டாவதை மறந்துவிட்டு முதலாவதை மட்டும் ஊராரிடம் சொல்லிப் பெருமைப்பட்டவர்கள் பின்னர் சங்கடப்பட்டிருக்கிறார்கள்.

இவ்வேற்பாடு 1960களில் ஐரோப்பாவிலே தோன்றியது. சுவிட்சர்லாந்தின் ஹாப்பிமாக் நிறுவனம் 1963இல் தொடங்கப்பெற்றது. பிரான்சின் ஆல்ப்ஸ் மலைச் சாரலிலும் அதே பத்தாண்டில் பனிச்சறுக்கு விடுதியொன்று இவ்வாறு வாரக்கணக்கில் விற்கப்பட்டது. ஓர் ஊரின் வாரத்தைக் கொடுத்து வேறோர் ஊரின் வாரத்தைப் பெற்றுக்கொள்ள உதவும் ஆர்.சி.ஐ. என்னும் மாற்று நிறுவனம் 1974இல் அமெரிக்காவில் எழுந்தது. இந்தியாவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்டெர்லிங் நிறுவனம் 1986இலும், மகீந்திராவின் விடுமுறை நிறுவனம் 1996இலும் தொடங்கின. பிந்தியதன் வழக்கமான உறுப்புரிமை 25 ஆண்டுகளுக்கு உரியது. அதற்குப்பின் உரிமை முடிந்துவிடும். ஆகவே 'வாங்கினேன்' என்னும் ஒரே சொல்லுக்குள்ளே நிலையான உரிமையும் தவணை உரிமையும் கலந்து கிடக்கின்றன. தாயார் கேட்ட "உறுதி யார் பெயரில்?" என்னும் கேள்வி பட்டிக்காட்டுக் கேள்வி ஆகாது. வாங்குபவர் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

இனி அந்தப் பகலுணவுக்கே திரும்புவோம். பந்தியில் ஐந்தாவதாக ஒருவர் இருந்தார்: ஓய்வுபெற்ற தபாலதிபரான சிங்கள அன்பர். யட்டவத்தைப் பக்கத்தில் வயற்பங்கு உடையவர். பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதில் என்ன புதுமை, மாஸ்டர்? எங்கள் வயலில் நடக்கும் தட்டுமாறுதானே இது!" என்றார்.

எனக்கு அந்தச் சொல் ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. மாத்தளை, கண்டி, கேகாலை முதலிய மாவட்டங்களிலும் தென்னிலங்கையிலும் வழங்கிவரும் பழைய வயலுரிமை அது. தந்தை விட்டுச்சென்ற வயல் சிறியது, பிள்ளைகளோ பலர். வரம்பிட்டுத் துண்டாடினால் ஒருவருக்கும் உழ இடமிராது. ஆகவே வயலைப் பிரிக்காமல் காலத்தைப் பிரித்துக்கொள்கின்றனர். இரண்டு சகோதரர் என்றால் இவ்வாண்டு மூத்தவர் வயல் முழுவதையும் விளைவிப்பார், மறுவாண்டு இளையவர். இதுவே தட்டுமாறு. இதற்கு உடன்பிறப்பான கட்டிமாறு என்பதில், வயலைக் கூறுகளாக வைத்துக்கொண்டு, மேட்டுக்கூறும் பள்ளக்கூறும் எல்லோருக்கும் மாறிமாறிக் கிடைக்கும்படி பங்காளிகள் இடம் மாறுவார்கள். மேல்மடைக்காரனே என்றும் கொழுத்துவிடாமலிருக்க அது நல்ல உபாயம்.

தட்டுமாறில் தம் முறை வந்தும் விளைவிக்க இயலாதவர் அதனை அந்தைக்குக் கொடுப்பார்; விளைச்சலில் பங்கு பெறுவார். முறையை விற்பதும் உண்டு, ஈடுவைப்பதும் உண்டு. கைக்கு எட்டாத ஆண்டுகளில் அவரை 'வயலில்லாதவன்' என்று ஊரார் ஏசுவதில்லை. அடுத்த ஆண்டு அவர் முறை என்பது எல்லோருக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு இது பங்குக்கிணற்றை நினைவூட்டும். காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்க, பங்காளிகள் முறைவைத்து நீர் இறைத்த ஊர்கள் அங்கே பல. கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்னார் உபயம் என்று இருப்பதும் காலத்தில் உள்ள உரிமையே. அந்த ஒரு நாளுக்காக எத்தனை குடும்பங்கள் வழக்காடியிருக்கின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நம் பெண்கள் பிடிக்கும் சீட்டிலும் முறை உண்டு. ஆனால் சீட்டில் போட்ட பணம் ஒருநாள் முழுதாகத் திரும்பி வரும். காலப்பங்கில் அது வராது. இவ்வேற்றுமையை உறவினரிடம் மறைத்தால் பின்னால் வாக்குவாதம் நிச்சயம்.

ஆதலின் அத்தானின் ஏளனத்துக்கு விடை எளிது: "வீடு வாங்கினேன்" என்று சொல்லாமல் "முறை வாங்கினேன்" என்று சொல்லிவிடுவது. வீடு என்றவுடன் நம்மவர் மனம் மண், சுவர், சாவி, வாடகை வருமானம், பிள்ளைக்குச் சீதனம் என்று ஓடுகிறது. அந்த அளவுகோலால் அளந்தால் காலப்பங்கு ஏமாளித்தனமாகத்தான் தோன்றும். டொரோன்டோத் தம்பி தம் பெருமைக்காகவே 'இல்லம்' என்ற சொல்லை எடுத்தார். நகைப்பையும் அவரே விலைக்கு வாங்கிக்கொண்டார் என்பது என் கருத்து.

ஆனால் அத்தான் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒருவர் 15,000 டொலருக்குப் பங்கு வாங்கி, ஆண்டுக்கு 1,000 டொலர் பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 ஆண்டில் மொத்தம் 35,000 டொலர். ஒரு வாரத்துக்கு 1,750. ஓர் இரவுக்கு 250. அதே அளவுள்ள இல்லத்தை வாடகைக்கு எடுத்தால் இரவுக்கு 250க்கு மேல் ஆகுமெனில் இவருக்கு இலாபம், குறையுமெனில் நட்டம். 20 ஆண்டில் 5 ஆண்டு போகவில்லையென்றால் ஒரு வாரத்தின் விலை 2,333 டொலராக ஏறிவிடும். கட்டணம் ஒருபோதும் உயராது என்று நாம் எண்ணிக்கொண்டாலும் கணக்கு இதுதான். உண்மையில் கட்டணம் உயர்ந்துகொண்டே போவதுதான் வழக்கம். கடனெடுத்து வாங்கியிருந்தால் வட்டியும் சேரும். விற்கப்போனாலோ வாங்கிய விலையில் சிறு பகுதிகூடக் கிடைப்பது அரிது. இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்க ஆளில்லாத பங்குகள் உண்டு. ஆதலால் இதை முதலீடு என்று எவரேனும் சொன்னால் உறவினர் சிரிப்பதில் தவறில்லை. செலவு என்றே சொல்லி, அந்தச் செலவு தமக்குக் கட்டுபடியாவதைக் காட்டினால், சிரித்தவர் வாயடைத்துப்போவார்.

பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். "சொந்தமென்றால் வருஷாவருஷம் எதற்குக் காசு?" என்று கேட்பவர்களுக்கும் தட்டுமாறு வயலே விடை சொல்லும். இரு பிள்ளைகளுக்கு ஈராண்டுக்கொரு முறை வந்த வயல், அவர்களுக்கும் இவ்விரண்டு பிள்ளைகளானால் பேரர் காலத்தில் நான்காண்டுக்கொரு முறையும், அடுத்த தலைமுறையில் எட்டாண்டுக்கொரு முறையுமாக வரும். எட்டாண்டுக்கொரு தடவை வயலில் இறங்குபவன் வரம்பைத் திருத்துவானா, வாய்க்காலைத் தூர்வாருவானா? அடுத்த ஆண்டு பயன்பெறுபவன் வேறொருவனாயிற்றே! தென்மாகாணத்துச் சிற்றூரொன்றின் வயலுரிமைகளை ஆராய்ந்து மானிடவியலாளர் கணநாத் ஒபேயசேகர 1967இல் வெளியிட்ட நூல், தலைமுறை தோறும் பங்குகள் நுணுகிச் சிக்கலாவதை விரிவாகக் காட்டுகிறது. வயலில் வரம்பைப் பார்க்க ஆளில்லை. விடுதியில் பார்க்க ஆள் வைத்திருக்கிறார்கள், அந்த ஆளுக்கு நாம் கூலி கொடுக்கிறோம். கூலி நியாயமானதா என்று கேட்பது வேறு. கூலியே ஏன் என்று கேட்பது வேறு.

அடுத்து, பெரியப்பா மகனின் கோரிக்கை. நம்மிடையே உறவினர்க்கு இல்லை என்று சொல்லும் வழக்கமில்லை. சொன்னால் பத்தாண்டு பேச்சு நின்றுவிடும். ஆனால் காலப்பங்கு இல்லத்தில் தங்குவோர் தொகை வரையறுக்கப்பட்டிருக்கும். ஆறு பேருக்கான இல்லத்தில், தம்புள்ளைக் குகைக்கோயிலும் சிகிரியாவும் பார்க்கப் புறப்படுவதுபோல், சோற்றுப்பானையும் பாயுமாகப் பதினைந்து பேர் வாகனத்தில் வந்திறங்க முடியாது. உரிமையாளர் வராமல் விருந்தினரை மட்டும் அனுப்பினால் அவர்கள் பெயரில் முன்கூட்டியே அனுமதிச்சீட்டு எடுக்கவேண்டியிருக்கும். அதற்குத் தனிக்கட்டணமும் சில இடங்களில் உண்டு. கண்ணாடி உடைந்தாலும் கம்பளத்தில் கறைபட்டாலும் கணக்கு உரிமையாளர் பெயருக்கே வரும்.

நான் அந்தத் தம்பிக்குச் சொன்ன ஆலோசனை, தபாலதிபர் கூறிய அந்தை வழக்கிலிருந்து எடுத்ததுதான். முறையைப் பிறருக்குக் கொடுக்கும்போது விளைச்சலில் எவருக்கு எவ்வளவு என்பதை விதைப்புக்கு முன்னரே பேசிக்கொள்வார்கள். அரிவு வெட்டியபின் பேசினால் அரிவாளோடு பேசவேண்டி வரும். அதுபோலவே, "இவ்வாண்டு நான் போகவில்லை. பராமரிப்புக் கட்டணம் இவ்வளவு. நீ அதைக் கட்டினால் வாரம் உனக்கு" என்றோ, "கட்டணம் நானே கட்டுகிறேன், இது உன் பிள்ளைக்கு என் அன்பளிப்பு" என்றோ முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடலாம். இரண்டும் கௌரவமான வழிகளே. இரண்டுக்கும் நடுவே, ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டு, "ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை" என்று மூன்றாமவரிடம் குறைசொல்லும் வழி ஒன்றுண்டு. நம் குடும்பங்களில் அதுவே பெரிதும் கையாளப்படுகிறது.

சிலர் உறவினரின் ஏளனம் தாங்காமல் பங்கை விற்க அவசரப்படுகின்றனர். அங்கே ஒரு படுகுழி இருக்கிறது. "உங்கள் பங்கை வாங்க ஆள் ஆயத்தம், வரிப்பணத்தை மட்டும் முன்னதாக அனுப்புங்கள்" என்று தொலைபேசியில் அழைக்கும் மோசடிக் கூட்டங்கள் உள்ளன. மெக்சிக்கோவின் போதைப்பொருட் கும்பலொன்றுடன் தொடர்புடைய இத்தகைய நிறுவனங்கள்மீது அமெரிக்கத் திறைசேரி 2023இல் தடை விதித்தது. முன்பணம் கேட்பவருக்கு ஒரு சதமும் அனுப்பலாகாது. புதிதாக வாங்குபவரோ, கையெழுத்திட்டபின் மனம் மாறுவதற்குச் சட்டம் தரும் அவகாசத்தை அறிந்திருத்தல் வேண்டும். ஒன்ராறியோவில் அது 10 நாள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள். உறவினரிடம் யோசனை கேட்க உகந்த காலம் அந்தப் பத்து நாளே. அவ்வேளையில் வாய்திறவாதிருந்துவிட்டு, பத்தாண்டு கழித்துத் திருவிழாப் பந்தியில் சொல்வதால் பயனென்ன?

தாயாரின் ஐயத்துக்கு வருகிறேன். அவர் உறுதியைப் பற்றிக் கேட்டது, தம் பேரப்பிள்ளைகளுக்கு ஏதேனும் சேருமா என்ற நினைவில். ஆனால் இங்கே சேர்வது சொத்தா சுமையா என்று பார்க்க வேண்டும். முடிவுக்காலமே இல்லாத ஒப்பந்தங்கள் பல விற்கப்பட்டன. உரிமையாளர் இறந்தபின் ஆண்டுக் கட்டணச் சீட்டு அவருடைய பிள்ளைகளை நாடி வரும். ஸ்பெயின் நாடு 1998இல் இயற்றிய சட்டத்தால் இத்தகைய உரிமைகளுக்கு 50 ஆண்டு உச்சவரம்பு விதித்தது. அதை மீறிய முடிவிலா ஒப்பந்தங்கள் செல்லாவென அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. எல்லா நாட்டிலும் அத்தகைய காப்பு இல்லை. நம் நாட்டில் பங்குக்காணியில் மனமொவ்வாதவர், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் சென்று, தம் பங்கைப் பிரித்துத்தரவோ விற்றுத்தரவோ கேட்கலாம். ஏரிக்கரை வாரத்தை அப்படிப் பிரித்து வேலியடைக்க முடியாது. ஆதலால் ஒப்பந்தம் எந்த ஆண்டில் முடிகிறது, இடையில் ஒப்படைக்க வழியுண்டா, பிள்ளைகளுக்கு அது வேண்டுமா என்பவற்றை உயிரோடிருக்கும்போதே எழுதிவைப்பது கடமை. வேண்டாத பிள்ளை தனக்கு வேண்டாமென்று சொன்னால் தந்தை முகம் வாடவும் கூடாது.

இவ்வளவும் பேசி முடித்தபோது அக்காள் உள்ளேயிருந்து தேநீரோடு வந்தார். தம்பிக்குக் கொடுக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "வருஷத்துக்கு ஆயிரம் டொலரா, தம்பி? போன ஐப்பசி மழைக்கு அம்மா படுக்கிற அறையில் மூன்று இடத்தில் வாளி வைத்தோம்."

அறை அமைதியாகிவிட்டது. அத்தான் நகைத்ததும் தாயார் கவலைப்பட்டதும் காலப்பங்கைப் பற்றி. அக்காளின் மௌனம் கூரையைப் பற்றி. அந்தப் பூர்வீக வீட்டில் அவருக்கும் தம்பிக்கும் சமபங்கு. குடியிருப்பது அவர், தாயைப் பார்ப்பதும் அவர். தட்டுமாறு வயலின் வரம்பைப் போல, அந்தக் கூரையும் எவர் பொறுப்பென்று பேசப்படாமலே ஆண்டுகள் கழிந்திருந்தன. கடலுக்கப்பால் யாரோ ஒருவருடைய கூரை ஒழுகாமலிருக்கத் தம்பி ஆண்டுதோறும் தவறாமல் பணங்கட்டுகிறார் என்று அறிந்தபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அதற்கு ஆர்.சி.ஐ.யின் வரலாற்றைச் சொல்லி விளக்கமளித்திருந்தால் அது மேலும் புண்படுத்தியிருக்கும்.

உறவினர் ஒருவர் காலப்பங்கைப் பற்றிக் கடுமையாகப் பேசினாலோ, ஒன்றுமே பேசாதிருந்தாலோ, அதற்குப் பின்னால் வேறொரு கணக்கு நிலுவையில் உள்ளதா என்று வாங்கியவர் தம்மைத்தாம் கேட்டுக்கொள்வது நன்று. அனுப்பாத பணம், வராத கலியாணம், திருப்பிக் கொடுக்காத கைமாற்று, பார்க்கப்படாத முதியோர் என எதுவும் இருக்கலாம். அந்த நிலுவையைத் தீர்க்காமல் விடுமுறை இல்லத்தின் நியாயத்தை எடுத்துரைப்பது வீண்வேலை.

தம்பி நல்லவர், தர்க்கம் செய்யவில்லை. ஒரு கடதாசி கேட்டு வாங்கி, நடுவே கோடு கிழித்து, ஒருபுறம் ஏரிக்கரை இல்லத்தின் ஆண்டுக் கட்டணத்தையும், மறுபுறம் 'அம்மா வீடு' என்ற தலைப்பையும் எழுதினார். கூரை மரம் மாற்ற என்ன செல்லும், ஓட்டுக்கு என்ன செல்லும் என்று அக்காளிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தமக்குத் தெரிந்த பாஸ் ஒருவர் உக்குவெலையில் இருப்பதாகவும், மறுநாட் காலையே அழைத்துவருவதாகவும் தபாலதிபர் சொன்னார். தாயார், அந்த ஏரிக்கரையில் குளிர் எப்படி, தம்மைப்போன்றவர் தாங்குவார்களா என்று மெல்ல விசாரிக்கத் தொடங்கினார்.

நான் விடைபெற்றுப் படியிறங்கும் வேளையில் ஆசிரியர் தம் மைத்துனரைத் தனியே அழைத்து, அந்த ஏரியில் தூண்டில்போட விடுவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். விடுவார்கள், ஆனால் அதற்கு உரிமச்சீட்டு எடுக்க வேண்டும் என்றார் தம்பி.